எறும்பு புகுந்த பெட்டி

நேமிசந்திர நயினாருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு மூச்சு கொடுத்தது இன்னொரு பெட்டி. முதலாவது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியே மூக்குக்கு அனுப்பும் மிஷின். மகன் ரித்தீஷ் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பியது. இரண்டாவது, கரண்ட் போனால் பேட்டரியை வைத்து முதல் பெட்டியை ஓட்டும் இன்வெர்ட்டர். இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்து ஐப்பசி அது. கரண்ட், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு திரிந்த காலம். எப்போது வரும், எப்போது கோபித்துக்கொண்டு போகும் என்று லைன்மேனுக்கே தெரியாது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் பாதி தூரம் போய், வடக்கே பிரிந்து ஏரிக்கரையோடு உள்ளே போனால் அவர்கள் ஊர். ஊரில் நாலைந்து நயினார் வீடுகள்தான். எல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழுது விதைத்த ஜைனக் குடும்பங்கள். நேமிசந்திரன் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தார். பகல் முழுக்க மல்லாட்டை உடைக்கிற மிஷினின் தூசைக் குடிப்பார். சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, கூடத்து மூலையில் உட்கார்ந்து ஈயம் உருக்கிப் புகையைக் குடிப்பார். ஊரில் யார் வீட்டு ரேடியோ ஊமையானாலும், டேப்ரிக்கார்டர் நாடாவைத் தின்றாலும், அது நயினார் வீட்டுக்கு வந்துவிடும். யாரிடமும் காசு வாங்கியதில்லை. அது அவருக்கு ஒரு பைத்தியம், அவ்வளவுதான். நுரையீரல் கெட்டதற்கு எது காரணம் என்று டாக்டர் கேட்டபோது சந்திரவதி ஈயப்புகை என்றாள், அவர் மல்லாட்டைத் தூசு என்றார். ஈயத்தின்மேல் பழிபோட அவருக்கு மனசு வரவில்லை.

அந்தப் பைத்தியத்தில் சந்திரவதிக்கும் ஒரு வேலை இருந்தது. டார்ச் பிடிப்பது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பிடிக்கிறாள். "ஆட்டாத, ஆட்டாத" என்று அவர் திட்டுவார். அவள் பதிலுக்கு முணுமுணுப்பாள். "பழுதான பெட்டின்னா மொதல்ல கண்ணு, அப்புறம் மூக்கு, கடசீலதான் கை" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் கேட்பதற்கு அவள் ஒருத்திதான் இருப்பாள்.

போன வருஷம் இன்வெர்ட்டரில் ஒரு சாமான் எரிந்துபோனது. ரிலே என்பார்கள். வாசல் காவல்காரன் போல இரண்டு வழிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு சின்ன இரும்பு நாக்கு. கரண்ட் இருந்தால் ஒரு பக்கம் ஒட்டும். போனால் மறுபக்கம் சாய்ந்து, பேட்டரி வழியைச் சேர்த்துவிடும். புதிது வாங்கினால் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடித்தான் வரும். நேமிசந்திரன் புதிது வாங்கவில்லை. பழைய ஸ்டெபிலைசர் ஒன்றிலிருந்து மூடியில்லாத ரிலேயைக் கழற்றிப் பற்றவைத்தார். கஞ்சத்தனம் இல்லை. நாக்கு சாயும்போது ஒரு நீலப்பொறி தெறிக்கும். அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி.

இனி எறும்புக்கு வருவோம்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. அறுத்துப்போட்ட மல்லாட்டை களத்தில் முளை விட்டுவிடும் என்று பயந்து, கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். வீடே ஈரமண் வாடை அடித்தது. தோட்டத்து எறும்புப் புற்றில் தண்ணீர் புகுந்துவிட, சிவப்பு எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஏறிவிட்டன. நயினார் வீட்டில் எறும்பைக் கொல்ல மாட்டார்கள். நசுக்கவும் கூடாது, மருந்து போடவும் கூடாது. நடந்தாலே தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். எறும்போ கட்டில் கால் வழியாக ஏறி, மூக்குக்குழாய்மேல் சாரிசாரியாகப் போக ஆரம்பித்தது.

சந்திரவதி ஒரு யோசனை செய்தாள். நொய்யும் வெல்லப்பொடியும் கலந்து, கட்டிலடியிலிருந்து இன்வெர்ட்டர் இருக்கிற மூலை வரைக்கும் கோடு மாதிரி தூவிவிட்டாள். அந்த மூலைக்கு யாரும் போவதில்லை. யார் காலிலும் மிதிபடாமல் பிழைத்துப் போகட்டும் என்று. ஒரே நாளில் எறும்பு கட்டிலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நேமிசந்திரனும் அதைப் பார்த்து, "நல்ல வேல பண்ண" என்று தலையாட்டினார். வேறு எந்த வீட்டிலாவது இருந்திருந்தால் அஞ்சு ரூபாய்க்கு மருந்து வாங்கித் தூவி முடித்திருப்பார்கள். எறும்புக்கு விருந்து வைத்து, அதையும் கரண்ட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க நயினார் வீட்டில்தான் தோன்றும்.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போனபோது மூச்சு மிஷின் ஒருதரம் விக்கி, பிறகு ஓடியது. நேமிசந்திரன் மூக்கை உறிஞ்சினார். "மயிர் கருகற வாட வருது. நாளிக்குப் பொட்டியப் பாக்கணும்" என்றார். சந்திரவதி சரி என்றாள். அதோடு அடுப்பில் கேப்பை ரொட்டியைத் திருப்பப் போனவள் மறந்துபோனாள்.

சாயங்காலம் மழை விட்டது, மூடாக்கு விடவில்லை. பக்கத்துத் தெரு கிளியம்மாள் வந்து, கூடத்தில் குந்திக்கொண்டு மல்லாட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுப்புக் காலத்தில் அந்த வீட்டு வேலை முழுக்க அவள் கையில்தான். வாயும் அவளுடையதுதான்.

"நைனாரம்மா, இது காயாது. பேசாம அவிச்சுத் தின்னுட்டுப் போவலாம்."

"ஊரே சேந்து தின்னாலும் தீராதுடி. நீ புரட்டு."

சந்திரவதி தட்டில் கேப்பை ரொட்டியும் முருங்கைக்கீரையும் எடுத்து வைத்தாள். அவருக்கு ஊட்டி முடித்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் தானும் இரண்டு வாய் போட்டுக்கொண்டால் தேவலை. இருட்டினால் நயினார் வீட்டில் சாப்பிட மாட்டார்கள், மறுநாள் பொழுது விடிந்துதான் சாப்பாடு. ரொட்டியைப் பிட்டபோது ஃபேன் நின்றது.

கரண்ட் போனதில் ஆச்சரியம் இல்லை. இன்வெர்ட்டர் 'ம்ம்ம்' என்று எப்போதும்போல் உறும ஆரம்பித்தது. ஆனால் மூச்சு மிஷின் ஓடவில்லை. கீச்சென்று ஒரே சத்தமாகக் கத்தியது.

"இன்னாமா அது, இந்தக் கத்து கத்துது?" என்றாள் கிளியம்மாள்.

சந்திரவதி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறது. உறுமல் கேட்கிறது. பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். பக்கத்து ஓட்டையில் செருகினாள். மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. கட்டிலில் நேமிசந்திரனின் தோள்பட்டை இரண்டும் ஏறி இறங்கத் தொடங்கின.

அவசரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் கட்டிலடியில் இருந்தது. அதை இழுத்துச் சாவியைப் போட்டுத் திருகி, குழாயை அதில் மாட்டினாள். காற்று வந்தது. அளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள். பாதிக்கும் கீழே நின்றது. போன வாரம் புயல்மழையில் கரண்ட் ஒருநாள் முழுக்க இல்லாதபோது செலவானது. மாற்றிவர வேண்டும் என்று நினைத்தும், ஏரி நிரம்பி உபரித்தண்ணீர் கலங்கல் வழியே ரோட்டின்மேல் ஓடியதால் போகமுடியவில்லை.

போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் வேறொரு போனில் யாரிடமோ பேசினான். பிறகு இவளிடம் வந்தான்.

"அம்மா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். கலங்கல் பக்கம் வரமுடியாதாம், சுத்திக்கினுதான் வரணுமாம். எவ்ளோ நேரம்னு அவங்களுக்கே சொல்லத் தெரியல. சிலிண்டர் எவ்ளோ இருக்குது?"

"முள்ளு கீழ கெடக்குதுடா."

"செவப்புல இருக்குதா, மேல இருக்குதா?"

"மேல. கொஞ்சூண்டு மேல."

"அய்யோ அம்மா..." என்றவன் குரல் பாதியில் அறுந்தது. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும் அந்த ஊரில்.

கட்டிலிலிருந்து நேமிசந்திரன் கைநீட்டி இன்வெர்ட்டரைக் காட்டினார். பிறகு அவளைக் காட்டினார்.

"தொற" என்றார்.

"நானா?"

"முப்பது வருசமா... பாத்துக்கினு... இருந்த இல்ல."

"நான் டார்ச்சுதாங்க புடிச்சேன்!"

"அது... போதும்."

சந்திரவதிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த மனுஷன் நல்லபடியாக இருந்தபோது ஒரு பிளக் மாட்டக்கூட விட்டதில்லை, 'உனக்குத் தெரியாது, தள்ளு' என்பார். இப்போது உயிரையே எடுத்து அவள் கையில் வைக்கிறார். ஆனால் வேறு வழி இல்லை. ஊரில் இன்னொரு இன்வெர்ட்டர் மளிகைக்கடையில் இருந்தது. ஒரு குழல்விளக்குக்கே திணறுவது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கிளியம்மா, டார்ச்ச எடு."

நேமிசந்திரன் இரண்டு வார்த்தை பேசினால் நாலு மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அதனால் பாதி வார்த்தை, பாதி கைஜாடை. முதலில் சுவரைக் காட்டினார்.

"மெயின் பிளக்கு... புடுங்கு. கரண்ட்டு... திடீர்னு வந்துடும்."

பிடுங்கினாள்.

"சுச்சு."

அணைத்தாள். மூச்சு மிஷின் ஏற்கெனவே கத்தி ஓய்ந்திருந்தது; உறுமலும் நின்றதும் கூடம் பயங்கர அமைதியானது. சிலிண்டர் காற்று சீறுவது மட்டும் கேட்டது.

"வளையல்... கழட்டு."

அவள் கை நின்றது. கிளியம்மாள்தான் பதறினாள். "இன்னா நைனாரே நீ! விளக்கு வெக்கற நேரத்துல, இப்பிடிப் படுத்துக்கினு, பொண்டாட்டிய வளைலு கழட்டச் சொல்றியே! வாயில நல்ல வார்த்த வராதா?"

"கரண்ட்டுக்கு... நல்ல நேரம்... தெரியாது" என்றார் அவர்.

சந்திரவதி கழற்றினாள். தங்க வளையல் இரண்டு, கண்ணாடி வளையல் ஒரு கை. கண்ணாடியும் எதற்கு என்று கேட்கவில்லை, எல்லாவற்றையும் கழற்றிக் கிளியம்மாள் மடியில் போட்டாள். தாலிக்கொடியை முதுகுப் பக்கமாகத் தள்ளி ரவிக்கைக்குள் செருகினாள். மனசுக்குள் அருகதேவனை ஒருதரம் நினைத்தாள்.

"பேட்டரில... செவப்பு ஒயரு. மொதல்ல... அத மட்டும். பதிமூணு ஸ்பானர்."

ஸ்பானர் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருஷமாக எடுத்துக் கொடுத்தவள்தானே. நட்டு இறுகிக்கிடந்தது. இரண்டு கையாலும் திருக, நழுவி விரல்முட்டி தேய்ந்தது. மூன்றாவது திருகலில் இளகிவந்தது. ஒயரை இழுத்துப் பழந்துணியால் சுற்றி ஒதுக்கினாள்.

"இன்னும்... தொடாத. பல்பு."

உருளை மாதிரி ஒரு சாமான் பெட்டிக்குள் இருக்கும், எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் கரண்ட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும், தொட்டால் தூக்கியடிக்கும். இதை அவர் ஊரில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். ஹோல்டரில் மாட்டிய பழைய பல்பின் இரண்டு ஒயரையும் அதன் இரண்டு காலில் வைத்தால் அந்தக் கரண்ட் இறங்கிவிடும். சந்திரவதி நாலு திருகாணியையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியே பாயும். அதையும் அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒற்றைக் கையால் ஒயர்களை வைத்தாள். பல்பு ஒருகணம் மினுக்கி அணைந்தது.

"எறங்கிடுச்சு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம்.

"டார்ச்ச உள்ள காட்டு. ஆட்டாத கிளியம்மா."

"நான் எங்கம்மா ஆட்டறேன், கை தானா ஆடுது."

உள்ளே பார்த்த சந்திரவதிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பெட்டியின் அடித்தட்டு வெள்ளையாக இருந்தது. அரிசி கொட்டினாற்போல. உற்றுப் பார்த்தாள். எறும்பு முட்டை. அதன்மேல் சிவப்பாக, கணக்கில்லாமல் எறும்பு. சட்டத்தின் மேலும் ஒயரின் மேலும் எறும்பு. ரிலேயின் நாக்கும் பித்தளைப் புள்ளியும் சேருகிற இடத்தில் கறுப்பாக ஏதோ அப்பிக்கிடந்தது. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் பேட்டரிப் பக்கத்து வாய் திறந்தே இருக்கும். மழைக் குளிருக்குச் சூடான இடம் கிடைத்ததென்று எறும்பு அங்கே போய் ஒண்டியிருக்கிறது. கரண்ட் போனதும் நாக்கு வந்து நசுக்கியிருக்கிறது. செத்த எறும்பு நடுவில் நின்று, இரண்டு பித்தளையும் ஒன்றையொன்று தொடவிடாமல் தடுத்துவிட்டது.

ஒரு மூலையில், தூக்கமுடியாமல் தூக்கிவந்து போட்ட நொய். அவள் தூவிய நொய்.

"ஏங்க..." என்றாள்.

"எறும்பா?" என்றார் அவர். மத்தியான வாடை அவருக்கு இப்போது புரிந்திருந்தது.

"கூடே வெச்சிருக்குது. முட்டையோட."

கிளியம்மாள் துள்ளி எழுந்தாள். "இதுக்கா இந்த பேஜாரு! என் வூட்டுல எறும்பு சாக்பீஸ் கெடக்குது, ஜல்தியா எடுத்துக்கினு வந்துர்றேன். நாலு இழு இழுத்தா ஒண்ணு தங்காது."

"வாணாம்" என்றார் நேமிசந்திரன். சத்தம் சின்னதுதான். ஆனால் கிளியம்மாள் நின்றுவிட்டாள்.

அந்த 'வாணாம்' என்ன ரகம் என்று சந்திரவதிக்குத் தெரியும். ஆடி மாசம் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரர் பரிந்துகொண்டு கொடுத்த இருமல் மருந்தில் தேன் கலந்திருந்தது. ஒரு வாய் குடித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு சொட்டுத் தேனுக்கு ஆயிரம் உயிர் சாகும் என்று கேட்டு வளர்ந்தவர். அதைத் துப்பிவிட்டு, ஆத்திரத்தில் மூக்குக்குழாயையும் பிடுங்கி எறிந்தார். திரும்ப மாட்டுவதற்கு இரண்டு நர்சுகளும் அவளும் மல்லுக்கட்டவேண்டியிருந்தது. உயிரைவிட நோன்பு பெரிது என்று வாயால் சொல்பவர்கள் ஊரில் நிறைய. இவர் செய்து காட்டியவர்.

"பீலி" என்றார்.

சாமி அலமாரியில் ஒரு மயிற்பீலிக் கட்டு இருந்தது. நடக்கும் வழியில் பூச்சிகளை நோகாமல் ஒதுக்க முனிவர்கள் கையில் வைத்திருப்பது. மேல்சித்தாமூரில் ஒரு முனிவர் புதுப் பீலி எடுத்துக்கொண்ட அன்று பழையதை இவர்களுக்குக் கொடுத்திருந்தார். சந்திரவதி அதிலிருந்து ஓர் இறகை உருவினாள். பெட்டிக்குப் பக்கத்தில் முறத்தை வைத்து, இறகால் மெல்ல மெல்ல ஒதுக்கினாள். ஒதுக்கிய எறும்பு முறத்தில் விழுந்தது, விழுந்த வேகத்தில் திரும்பி ஏறியது. முட்டையை விட்டுவிட்டுப் போவதற்கு அதற்கென்ன பைத்தியமா? அவள் கைமேல் ஏறிக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முள்ளு எங்க இருக்குது பாரு கிளியம்மா."

"செவப்புக்குள்ள வந்துடுச்சும்மா."

நாக்கின் இடுக்கை ஒருவழியாக வெறுமையாக்கினாள். "உப்புத்தாள் போடாத... வெள்ளித்தோல்... போயிடும்" என்று அவர் திணறினார். "கெட்டித்தாள்." கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து, நாடா மாதிரி மடித்து, நாக்குக்கும் புள்ளிக்கும் நடுவே கொடுத்து இழுத்தாள். கறுப்பாக வந்தது. இன்னொரு துண்டு. அதிலும் கறுப்பு. மூன்றாவது துண்டு கொஞ்சம் வெள்ளையாக வந்தது.

சிவப்பு ஒயரை எடுத்தாள். "பொறி... வரும். உட்றாத" என்றார். வந்தது. பட்டென்று ஒரு தீப்பொறி. கிளியம்மாள் டார்ச்சைக் கீழே போட்டாள். சந்திரவதி ஒயரை விடவில்லை. நட்டை இறுக்கி, சுவிட்சைப் போட்டாள். இன்வெர்ட்டர் உறுமியது. மூச்சு மிஷின் ஒருதரம் கீச்சிட்டு, புஸ் என்று ஓட ஆரம்பித்தது.

"ஓடுது! நைனாரம்மா, ஓடுது!"

குழாயைச் சிலிண்டரிலிருந்து மாற்றப் போனாள். மாற்றுவதற்குள் மிஷின் விக்கியது. மறுபடி விக்கியது. நின்று கீச்சென்று கத்தியது. முறத்திலிருந்து ஏறிய எறும்பு வரிசையாகத் தன் பழைய இடத்துக்கே போய்விட்டிருந்தது. கருகிய வாடை கூடம் முழுக்க அடித்தது.

வெளியே மூடாக்குக்குப் பின்னால் பொழுது அடங்கிக்கொண்டிருந்தது. நேமிசந்திரனின் உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்நகம் நாகப்பழம் தின்றவன் நாக்கு போலிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. பீலியைத்தான் கைகாட்டினார், மறுபடியும்.

சந்திரவதி ஸ்பானரை எடுத்தாள். சுவிட்சை அணைத்தாள். சிவப்பு ஒயரைக் கழற்றினாள். பல்பை வைத்தாள். எதையும் விடவில்லை, யாரும் சொல்லவுமில்லை. பிறகு பீலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, கட்டிலின்மேல் அவர் கைப்பக்கத்தில் வைத்தாள்.

"ஏங்க, கேளுங்க. நானும் இந்த வூட்டுல பொறந்து வளந்தவ மாதிரிதான் இருந்துட்டேன். ஒரு எறும்ப மிதிச்சதில்ல. ஆனா எனக்கு இப்ப எறும்பு வாணாம், நீங்க வேணும். உங்க நோம்பு உங்களோட இருக்கட்டும். இது என் கை. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

அவர் தலையை இடவலமாக அசைத்தார். அவள் திரும்பிக்கொண்டாள். பார்த்தால் கை ஓடாது என்று அவளுக்குத் தெரியும்.

"சாக்பீஸ எடுத்தாரவாம்மா?" என்றாள் கிளியம்மாள் மெதுவாக.

"அந்தப் பொடி பறந்தா இவரு மூச்சுல போவும். வாணாம். வெளக்க நல்லா காட்டு."

கையை உள்ளே விட்டாள். உள்ளங்கையாலேயே தேய்த்தாள். முட்டை நசுங்கி ஈரமாகக் கையில் ஒட்டியது. மணிக்கட்டு வரைக்கும் எறும்பு ஏறிக் கடித்தது. கடித்ததை உதறவில்லை, தேய்த்தாள். சட்டத்தை, ஒயர் இடுக்கை, ரிலேயின் காலை, ஒவ்வொன்றாக. பழந்துணியால் வழித்து எடுத்தாள். மூலையில் எறும்பு வந்துபோகிற சுவர் ஓட்டையில் ஒரு துணியைத் திணித்து அடைத்தாள். வாய்விட்டு அழுதுகொண்டே செய்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு, பத்திரிகையின் மிச்சத்தைக் கிழித்து நாக்குக்கு நடுவே இழுத்தாள். வெள்ளையாக வரும்வரை இழுத்தாள்.

"அம்மா, காத்து சத்தம் கொறையுதும்மா" என்றாள் கிளியம்மாள். சிலிண்டரின் சீறல் இளைத்துக்கொண்டு வந்தது.

நட்டு. பொறி. சுவிட்ச். உறுமல்.

மிஷின் ஓடியது. சந்திரவதி குழாயை மாற்றவில்லை. காதைக் கொடுத்து நின்றாள். விக்கவில்லை. இன்னும் நின்றாள். புஸ், புஸ் என்று சீராக வந்தது. அதற்குப் பிறகுதான் குழாயை மாற்றினாள். நேமிசந்திரனின் மார்பு பெரிதாக ஏறியது, இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை அடங்கியது. கிளியம்மாள் அவர் கையை எடுத்து நகத்தை டார்ச்சில் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நெறம் வருது, நெறம் வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெளியே இருட்டிவிட்டது. கேப்பை ரொட்டி பிட்டது பிட்டபடி தட்டில் கிடந்தது. கிளியம்மாள் அதைப் பார்த்து, "ஒரு வாயாவது போட்டுக்கம்மா" என்றாள்.

"பொழுது போயிடுச்சுடி."

"இம்மாம் எறும்பக் கொன்ன பொறவு, இருட்டுல ரொட்டி தின்னாதான் பாவமா?" என்றவள், சொன்னது தப்போ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாங்கல்லாம் தெனமும் கொல்றோம். எங்கள எந்த நரகத்துல வெப்பாங்களோ, உனக்கும் எம்பக்கத்துலயே எடம் புடிச்சி வெக்கறேன், அழாத."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எறும்பெல்லாம்... போயிடுச்சா?"

கிளியம்மாள் முந்திக்கொண்டாள். "போயிடுச்சு நைனாரே. ஒண்ணு பாக்கியில்லாம தோட்டத்துப் பக்கம் போயிடுச்சு. நானே பாத்தேன்."

"நீ சும்மா இரு கிளியம்மா." சந்திரவதி கட்டிலண்டை வந்து தரையில் உட்கார்ந்தாள். அவரிடம் அவள் பொய் சொன்னதில்லை. இந்த விஷயத்தில் தொடங்க மனசு வரவில்லை. "போவல. கொன்னுட்டேன். கையாலயே தேச்சேன், முட்டையோட. அங்க வரவெச்சதும் நான்தான், கொன்னதும் நான்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரம் இறங்கிக் காதுப்பக்கம் போனது. அவள் காத்திருந்தாள். வலது கை மெதுவாகப் போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. மார்பைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, மூக்கை நோக்கிப் போனது. விழுப்புரத்தில் போன அதே கை. தடுக்கவேண்டும் என்று கையைத் தூக்கிய சந்திரவதி, அப்படியே நிறுத்தினாள். தன் நோன்புக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாயிற்று. அவருடைய நோன்பு அவருடையது.

விரல் குழாயைத் தொட்டது. ஒரு பக்கம் நழுவிக்கிடந்ததை எடுத்து, மூக்குக்குள் சரியாகச் செருகியது. காதுக்குப் பின்னால் போகிற குழாயை இழுத்து இறுக்கிவிட்டது. அவர் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"மூடி போட்ட ரிலே... வாங்கியாரச் சொல்லு" என்றார். "மூடாம உட்டது... நானு."

சந்திரவதி கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அடக்கவில்லை. தூரத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸாக இருக்கலாம், டிராக்டராகவும் இருக்கலாம்.

கிளியம்மாள் வளையல்களை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "வண்டிக்காரங்க வர்றதுக்குள்ள போட்டுக்கம்மா, வெறுங்கையோட நிக்காத." சந்திரவதி போட்டுப் பார்த்தாள். எறும்பு கடித்த கை மணிக்கட்டுவரை வீங்கித் தடித்திருந்தது. தங்க வளையல் கட்டைவிரல் முட்டியைத் தாண்டவில்லை. இன்னொருதரம் அழுத்தினாள். வலித்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து, "சோப்பு... போட்டு... ஏத்து" என்றார்.

"உங்கள யாரு கேட்டது? வாய மூடிக்கினு மூச்ச உடுங்க மொதல்ல" என்று அதட்டிவிட்டு, சந்திரவதி சோப்பு எடுக்க எழுந்துபோனாள்.